இரண்டு பயிற்சிக் கூடங்கள், ஒரு வகுப்பறை

சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இந்தியாவில் இரண்டு தனித்தனி வழிகளில் உருவாகிறார்கள். பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயம் போன்ற பொதுப் படிப்புகளை முறைப்படுத்துவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அது கல்வி அமைச்சகத்தைச் சார்ந்தது. சிறப்புக் கல்விக்கான பி.எட்., பட்டயப் படிப்புகளை முறைப்படுத்துவது இந்திய மறுவாழ்வுக் குழுமம். அது சமூகநீதி அமைச்சகத்தைச் சார்ந்தது. 1992, 1993 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் இவற்றுக்கான சட்டங்கள் நிறைவேறின. பாடத்திட்டம் வேறு, கல்லூரி வேறு, சான்றிதழ் வேறு. ஆனால் காது சரியாகக் கேட்காத ஒரு சிறுமி பள்ளிக்கு வந்தால் அவள் உட்காரும் வகுப்பறை ஒன்றுதான். ஆண்டு முழுவதும் அவளுக்கு எதிரே நிற்பவர் பொதுவழியில் படித்துவந்த வகுப்பாசிரியர். சிறப்பாசிரியர் அந்தப் பள்ளிக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், வாரத்தில் ஓரிரு நாள் வந்துபோவார். உள்ளடக்கிய கல்வி என்று இன்று பேசப்படுவதன் சிக்கல் முழுவதும் இந்த ஏற்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

கொல்கத்தாவின் அலிப்பூரில் இந்தப் பிரிவினையைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். தேசிய நூலகமும் விலங்குக் காட்சிச்சாலையும் இருக்கும் அதே அலிப்பூர்தான். அங்கே ஜட்ஜஸ் கோர்ட் சாலையில் ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ் என்ற பழைய மாளிகை வளாகம் இருக்கிறது. வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வாழ்ந்த இடம் அது. இப்போது அந்த வளாகத்தில் பெண்களுக்கான அரசு ஆசிரியர் கல்வி நிறுவனம் நடக்கிறது. பள்ளி ஆசிரியைகளாகப் போகிறவர்கள் அங்கே பி.எட். படிக்கிறார்கள். அங்கிருந்து தெற்கே, மாஜேர்ஹாட் பாலத்தைக் கடந்து சில கிலோமீட்டர் போனால் தாராத்தலா சாலை வரும். அந்தச் சாலையில் இருக்கிறது இந்திய மூளை முடக்குவாத நிறுவனம். சுதா கௌல் 1974இல் தொடங்கிய அமைப்பு இது. பேச்சு வராத குழந்தைகள் படங்கள், எழுத்துப் பலகைகள், கருவிகள் வழியாகப் பேசும் முறையை இந்தியாவில் முதலில் பரப்பிய மையங்களில் இதுவும் ஒன்று. சிறப்பாசிரியர்களுக்கான பயிற்சியும் இங்கே நெடுங்காலமாக நடக்கிறது. ஒரு நகரத்தின் ஒரே பகுதியில், ஒரு பேருந்துப் பயணத் தொலைவில், இரண்டு வகை ஆசிரியர்களும் தயாராகிறார்கள். நாளை இருவரும் ஒரே குழந்தைக்குப் பொறுப்பேற்கப் போகிறவர்கள். படிக்கும் காலத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வகுப்பை நடத்தும்படி இரண்டு பாடத்திட்டங்களுமே வகுக்கப்படவில்லை. நாட்டின் எந்த நகரத்தை எடுத்துக்கொண்டாலும் நிலை இதுதான்.

பிரிவினைக்கு வரலாறு உண்டு. காது கேளாதோருக்கான பள்ளி கல்கத்தாவில் 1893இல் தொடங்கியது. அதன் தொடக்ககால ஆசிரியர்களில் ஒருவரான ஜாமினிநாத் பானர்ஜி பயிற்சிக்காக இங்கிலாந்துக்கும் அமெரிக்காவின் கேலடெட் கல்லூரிக்கும் போய்வந்தார். 1897இல் லால் பிஹாரி ஷா தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி பின்னாளில் அலிப்பூரை அடுத்த பெஹாலாவில் வேரூன்றியது. தமிழகத்தில் அதே காலகட்டத்தில் பாளையங்கோட்டையில் மிஷனரிகள் இப்படிப்பட்ட பள்ளிகளை எழுப்பினார்கள். பொதுப் பள்ளிகள் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் இந்தப் பள்ளிகள் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு வாழ்வு கொடுத்தன. அந்தப் பெருமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. கூடவே ஓர் எண்ணமும் ஊறிப்போயிற்று: இந்தக் குழந்தைகளுக்கென்று தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், இவர்கள் அவர்கள் பொறுப்பு. இன்றும் பல பள்ளிகளில் சேர்க்கையின்போது பெற்றோருக்குக் கிடைக்கும் முதல் பதில், ‘இவங்களுக்குன்னு ஸ்கூல் இருக்கே, அங்க சேர்த்துடுங்களேன்’ என்பதுதான்.

இந்த எண்ணத்தை மாற்றும் முயற்சிகள் புதியவை அல்ல. 1964–66 கோத்தாரி ஆணையமே, முடிந்தவரை இவர்களைப் பொதுப் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்று சொன்னது. 1974இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. ஆனால் ஆசிரியர் பயிற்சியைப் பொறுத்தவரை கூர்ந்து பார்க்க வேண்டியது 1987இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் யுனிசெஃப் உதவியுடன் தொடங்கிய திட்டத்தைத்தான். தமிழகம் உட்படப் பல மாநிலங்களில், மாநிலத்துக்கு ஒரு வட்டாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த வட்டாரத்தின் எல்லாப் பள்ளிகளும் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சி மூன்று அடுக்காக அமைந்தது. எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு வாரம். அவர்களில் பத்தில் ஒருவருக்கு ஆறு வாரம். வட்டாரத்துக்கு எட்டிலிருந்து பத்துப் பேருக்கு ஓராண்டு. ஓராண்டு படித்தவர் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய்த் துணை நிற்பார். ஆறு வாரம் படித்தவர் தன் பள்ளியிலேயே மற்றவர்களுக்குக் கைகொடுப்பார்.

இந்த அமைப்பின் சிறப்பு, சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் பக்கத்திலேயே இருந்ததுதான். வட்டாரத்தில் யாருமே ‘எனக்கு இது தெரியாது’ என்று ஒதுங்க முடியாது, ஏனென்றால் ஒரு வாரமாவது எல்லோரும் படித்திருந்தார்கள். சேர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இடைநிற்காமல் தொடர்ந்து படித்தார்கள் என்று பின்னர் வந்த மதிப்பீடுகள் சொல்லின. ஆனால் அந்த வட்டாரங்களுக்கு வெளியே இதே அடர்த்தியில் பயிற்சி பரவவில்லை. மூன்று அடுக்கில் முதல் அடுக்கு மட்டும், அதுவும் மெலிந்து, நாடெங்கும் போய்ச் சேர்ந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் யுனெஸ்கோ ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சித் தொகுப்பைத் தயாரித்தது. தலைமை தாங்கியவர் இங்கிலாந்துக் கல்வியாளர் மெல் ஐன்ஸ்கோ. எட்டு நாடுகளில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. இந்தியா அவற்றில் ஒன்று. இங்கே அந்தப் பணியை முன்னின்று செய்தவர்கள் என்.கே. ஜங்கிராவும் அனுபம் அகுஜாவும். ஒரு குழந்தைக்குப் பாடம் ஏறவில்லை என்றால், குறை குழந்தையிடம் என்று தொடங்காமல், பாடம் நடந்த விதத்தில் எங்கே தடை என்று தேடு என்பது அந்தத் தொகுப்பின் அடிப்படை. பயிற்சியே அப்படித்தான் நடந்தது. கருத்தாளர் மணிக்கணக்கில் பேச மாட்டார். ஆசிரியர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து தங்கள் வகுப்பில் நேற்று நடந்ததை முன்வைப்பார்கள், மற்றவர்கள் யோசனை சொல்வார்கள், அதைச் செய்து பார்த்துவிட்டு அடுத்த வாரம் வந்து என்ன ஆயிற்று என்று சொல்வார்கள். முப்பது ஆண்டுக்கு மேலாகியும் இதைவிட நல்ல பயிற்சி முறை எழுந்ததாகத் தெரியவில்லை. 1994இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகள் கூடி, எல்லாக் குழந்தைகளும் பொதுப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்று அறிவித்தபோது இந்த அனுபவங்களும் அதற்குப் பின்புலமாக இருந்தன.

அதன்பின் சட்டங்கள் வரிசையாக வந்தன: 1995இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 2009இல் கல்வி உரிமைச் சட்டம், 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். கடைசிச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. பாகுபாடின்றிச் சேர்க்கவும், தேவையான வசதி செய்து தரவும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறியவும் பள்ளிகளைக் கடமைப்படுத்தியது. அதன் 17ஆவது பிரிவு ஆசிரியர்களைப் பற்றியே பேசுகிறது. சைகை மொழியும் பிரெயிலும் தெரிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, பயிற்றுவித்துப் பணியில் அமர்த்த வேண்டும் என்கிறது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் காலத்தில் ஆசிரியர்களுக்கு மூன்று முதல் ஐந்து நாள் அறிமுகப் பயிற்சியும், விரும்புவோருக்கு 45 நாள், 90 நாள் படிப்புகளும் நடந்தன. 90 நாள் படித்தவர்களால் பலன் இருந்தது. மூன்று நாள் பயிற்சியில் முதல் நாள் தொடக்க விழாவிலும் கடைசி நாள் கையெழுத்திலும் கழிந்தால், நடுவில் மிஞ்சும் நேரத்தில் 21 வகைக் குறைபாடுகளின் பெயரை மட்டும்தான் சொல்ல முடியும்.

பி.எட். படிப்பு 2014 விதிமுறைகளின்படி இரண்டு ஆண்டானது. உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல் என்ற பாடம் எல்லோருக்கும் கட்டாயமானது. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது பாதித் தாள். அந்தப் பாதித் தாளை வகுப்பறைக்குள் போகாமலே எழுதித் தேறிவிடலாம். குறைபாடுகளின் வகைகள், காரணங்கள், சட்டங்கள், ஆணையங்கள் என்று கேள்வி வரும். பதிலும் மனப்பாடமாக வரும். மூளை முடக்குவாதத்தின் வகைகளை வரிசைப்படுத்தத் தெரிந்த ஒருவருக்கு, மூளை முடக்குவாதம் உள்ள சிறுவன் பதில் சொல்ல எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பது தெரியாமல் போகிறது.

வகுப்பாசிரியருக்குத் தெரிய வேண்டியவை என்ன? அவை பெரும்பாலும் சிறியவை, கற்றுக்கொள்ளக் கூடியவை. பார்வை இல்லாத மாணவி இருக்கும் வகுப்பில், ‘இதோடு இதைக் கூட்டினால் இது வரும், பாருங்கள்’ என்று கரும்பலகையைத் தட்டிக்காட்டினால் அவளுக்கு ஒன்றுமே போய்ச்சேராது. ‘முப்பத்தெட்டோடு பதினேழைக் கூட்டினால்’ என்று எழுதும்போதே வாய்விட்டுச் சொன்னால் போதும், அவள் மணிச்சட்டத்தில் கூடவே கணக்குப் போட்டுவிடுவாள். பாதிப் பார்வை உள்ளவருக்குச் சுண்ணாம்புக்கட்டியின் நிறமும், ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுக் கூசுவதும் பெரிய விஷயம். காது கேட்கும் கருவி அணிந்த மாணவருக்கு, மின்விசிறியின் இரைச்சல், பக்கத்து வகுப்பின் கூச்சல், பெஞ்சு இழுக்கும் சத்தம் எல்லாவற்றையும் அந்தக் கருவி சேர்த்தே பெரிதாக்கிக் கொடுக்கிறது. ஆசிரியர் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினால் உதட்டசைவும் போய்விடும். பின்வரிசை மாணவன் சொன்ன பதிலை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்வது, பேசும்போது முகம் வகுப்பைப் பார்த்திருப்பது, புதுச் சொல்லைப் பேசுவதற்கு முன்பே எழுதிப்போடுவது ஆகிய மூன்றுக்கும் செலவு எதுவும் இல்லை. ஆனால் பழக்கம் வேண்டும். பத்தாண்டாக முதுகைக் காட்டிக்கொண்டே பாடம் நடத்தியவருக்கு அந்தப் பழக்கம் ஒரு நாள் பயிற்சியில் மாறாது. யாராவது வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, பாடம் முடிந்தபின் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் நிலை தனி. பலருக்கு அறிவில் குறைவே இருக்காது. கையும் நாக்கும் சொன்னபடி கேட்காததால் வெளியே தெரியாது, அவ்வளவுதான். தாராத்தலா நிறுவனத்தில் இத்தகைய குழந்தைகள் மடியிலோ சக்கர நாற்காலியின் தட்டிலோ வைத்த பலகையில் விரலாலோ பார்வையாலோ சுட்டிக்காட்டிப் பேசுவார்கள். இவர்களுக்காக ஐ.ஐ.டி. கரக்பூர் மென்பொருள்கள் செய்து கொடுத்தது. சென்னையில் வித்யாசாகர் அமைப்பின் துணையோடு உருவான ‘ஆவாஸ்’ என்ற கருவி இதே தேவைக்கானது. கருவி எதுவானாலும், பொது வகுப்பில் அது பயன்படுவது ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது. கேள்வி கேட்டுவிட்டு இரண்டு விநாடியில் அடுத்தவரைப் பார்த்தால், அந்தக் குழந்தை எழுத்தைத் தேடி விரலை நகர்த்தும் முன்பே வகுப்பு நகர்ந்துவிடும். ஆகவே இவருக்கான கேள்வியை முதலிலேயே கேட்டுவிட்டு, மற்ற இருவரிடம் பதில் வாங்கிவிட்டுத் திரும்பி வருவது அனுபவமுள்ள ஆசிரியர்கள் கையாளும் வழி. உட்காரும் விதமும் பாடத்தின் பகுதியே. கால் பாதம் தரையிலோ பலகையிலோ பதியாமல் தொங்கினால் உடம்பைச் சமன்செய்வதிலேயே பாதிச் சக்தி போய்விடும். எழுத மிச்சம் இருக்காது. காலுக்கடியில் ஒரு மணைப்பலகை வைத்தால் தீரும் சங்கதி இது.

கற்றல் குறைபாடு இன்னும் அதிகக் குழந்தைகளைப் பாதிப்பது, கண்ணுக்குத் தெரியாதது. இங்கே பயிற்சி ஏடுகள் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஆங்கில நூல்களிலிருந்து எடுத்த அறிகுறிகளையே அவை பட்டியலிடுகின்றன. ஆங்கிலத்தில் ‘பி’யும் ‘டி’யும் இடம் வலமாக மாறிப்போகும் என்று படித்த ஆசிரியர், வங்காள மொழி வகுப்பில் எதைத் தேடுவார்? வங்காளத்தில் மூன்று ‘ச’ எழுத்துகள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. குறில் இகரத்துக்கும் நெடில் ஈகாரத்துக்கும் பேச்சில் வேறுபாடில்லை. இரண்டு மெய்கள் சேர்ந்து உருவாகும் கூட்டெழுத்து சில இடங்களில் தன் இரண்டு உறுப்பையும் போல இருக்காது. வங்காளக் குழந்தைகள் தடுக்கி விழும் இடங்கள் இவை. தமிழில் கூட்டெழுத்துத் தொல்லை இல்லை. புள்ளி விட்டுப்போவது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறுவது, ர-ற, ண-ன-ந, ல-ள-ழ குழம்புவது ஆகியவை இங்கே தெரிய வரும். ‘கொ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலிப்பது பின்னால். எழுத்தின் வரிசையும் ஒலியின் வரிசையும் வேறாக இருப்பது இக்குழந்தைகளுக்குப் பெரும் பாரம். வங்காள எழுத்திலும் எகரக்குறி இப்படித்தான் முன்னால் வருகிறது. இந்திய மொழிகளுக்கென்றே டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டைக் கண்டறியும் ஒரு சோதனையை மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கி 2015இல் வெளியிட்டது; முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலத்தில் வந்தது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பொதுப் பள்ளி ஆசிரியர்களுக்கே தொடர்ந்து பயிற்சி தருகிறது. ஒவ்வொரு மொழிக்கும் அந்தந்த மொழி ஆசிரியர்களே எழுதிய பயிற்சி ஏடு வேண்டும். மொழிபெயர்த்தது உதவாது.

கண்டறிவதில் ஓர் எல்லையும் உண்டு. வகுப்பாசிரியர் முத்திரை குத்துபவர் அல்ல. ‘பிரசஸ்த்’ என்ற பெயரில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலில் முதல் பகுதியை வகுப்பாசிரியர் நிரப்புவார், இரண்டாம் பகுதியைச் சிறப்பாசிரியர் பார்ப்பார், அதற்கு மேல் மருத்துவக் குழு. இந்த வரிசையைப் பயிற்சியில் அழுத்திச் சொல்லாவிட்டால், அரைகுறையாகக் கேட்ட ‘ஏ.டி.ஹெச்.டி.’, ‘ஆட்டிசம்’ போன்ற சொற்கள் ஆசிரியர் ஓய்வறையில் குழந்தைகளின் பட்டப்பெயராகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரு பாடக்குறிப்பில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் பயிற்சியின் இதயம். மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கு, சாமான் வாங்கிச் சில்லறை பெறும் பாடம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் மூன்று பெட்டிக்கடை போட்டாயிற்று. பெரும்பாலோர் நூறு ரூபாய் கொடுத்து 64 ரூபாய்க்குச் சாமான் வாங்கி மீதியை எழுதுகிறார்கள். அறிவுசார் குறைபாடுள்ள சிறுவனுக்கு அன்றைய இலக்கு, பத்து ரூபாய்த் தாளையும் இருபது ரூபாய்த் தாளையும் பிரித்தறிந்து கேட்டதைக் கொடுப்பது. பார்வையற்ற சிறுமி நாணயங்களைத் தடவி எண்ணுகிறாள், கழித்தலை மணிச்சட்டத்தில் செய்கிறாள். ஆட்டிசம் உள்ள சிறுவனுக்கு ‘வரிசையில் நில், பொருளைச் சொல், பணம் கொடு, மீதி வாங்கு’ என்ற நான்கு படங்கள் கொண்ட அட்டை முன்கூட்டியே கொடுக்கப்படுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதால் அவன் பதறுவதில்லை. காது கேளாத மாணவிக்கு விலைப்பட்டியல் எழுத்தில் தொங்குகிறது. பாடம் ஒன்றுதான், கடையும் ஒன்றுதான், ஒவ்வொருவருக்குமான படிக்கட்டு வேறு. இதை முந்தைய நாளே பாடக்குறிப்பில் எழுதிவைத்தால் வகுப்பில் தடுமாற்றம் இருக்காது. எழுதும் பழக்கம் பி.எட். காலத்திலேயே வர வேண்டும்.

தமிழக ஆசிரியர்களுக்கு இது அந்நியமும் அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறியது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் ஒரே வகுப்பில் நடக்கின்றன. ஒரே அறையில் பல நிலைகளைக் கையாளத் தெரிந்த ஆசிரியர் இன்னும் ஒரு படி இறங்கி வந்தால் அது உள்ளடக்கிய வகுப்பாகிவிடும்.

பயிற்சிகளில் தவிர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஆசிரியர்களின் கண்ணைக் கட்டி நடக்கவிடுவது, காதில் பஞ்சை அடைத்துப் பேசச்சொல்வது போன்றவை பல பயிலரங்குகளில் வழக்கமாக இருக்கின்றன. பார்வையற்றவர் ஆண்டுக்கணக்கில் பழகிய திறமை எதுவும் கண்ணைக் கட்டிக்கொண்ட பத்து நிமிடத்தில் தெரியாது. தெரிவது பயமும் இரக்கமும்தான். மாற்றுத்திறனாளிகளையே கருத்தாளர்களாக அழைத்து, எந்த ஆசிரியர் என்ன செய்ததால் தாங்கள் படித்தோம், எதனால் பின்தங்கினோம் என்று பேசவைத்தால் ஒரு மணி நேரத்தில் அதைவிடப் பலமடங்கு கிடைக்கும்.

தேர்வுச் சலுகைகள் பற்றிய அறிவும் ஆசிரியருக்கு வேண்டும். தமிழகத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், குறிப்பிட்ட குறைபாடுள்ளோருக்கு ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை உண்டு. சான்றிதழை உரிய காலத்தில் வாங்கி விண்ணப்பிக்காததால் இவை கைநழுவிப்போகும் குழந்தைகள் உண்டு. பெற்றோர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், வகுப்பாசிரியரை விட்டால் அந்தக் குழந்தைக்கு இதை எடுத்துச் சொல்ல வேறு நாதி இல்லை.

சிறப்பாசிரியர் பற்றாக்குறை நீதிமன்றம் வரை போயிற்று. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம், இடைக்கால ஏற்பாடாக, மூளை முடக்குவாதம் உள்ள எட்டுப் பேருக்கு ஒருவர், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள ஐந்து பேருக்கு ஒருவர், கண்ணும் காதும் ஒருங்கே பாதிக்கப்பட்ட இருவருக்கு ஒருவர் என்று விகிதம் நிர்ணயித்தது. 2022இல் மத்திய அரசு தொடக்க வகுப்புகளுக்குப் பத்துக்கு ஒன்று, மேல்வகுப்புகளுக்குப் பதினைந்துக்கு ஒன்று என்று அறிவிக்கை வெளியிட்டது. 2025 மார்ச்சிலும் பணியிடங்களை உருவாக்கி நிரப்பும்படி மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பல மாநிலங்களில் இவர்கள் ஆண்டுக்கணக்காக ஒப்பந்த ஊழியர்களாகவே, குறைந்த தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளுக்கு அலைந்து வேலை செய்கிறார்கள். தனியார் பள்ளிகள் சிலவற்றில் இன்னொரு அநியாயம்: குழந்தையின் கூடவே உட்காரும் நிழல் ஆசிரியர் ஒருவரைச் சொந்தச் செலவில் கூட்டிவந்தால்தான் சேர்ப்போம் என்று பெற்றோரிடம் சொல்வது. இதனால் வகுப்பாசிரியரின் பொறுப்பு கைமாறிவிடுகிறது. குழந்தை வகுப்புக்குள்ளேயே ஒரு தனி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

இத்தாலி இதற்கு வேறு வழி கண்டது. 1977இல் சட்டம் இயற்றித் தனி வகுப்புகளை மூடிய அந்த நாட்டில், துணை ஆசிரியர் குறிப்பிட்ட குழந்தைக்கு என்று இல்லாமல் வகுப்புக்கே நியமிக்கப்படுகிறார். பாட ஆசிரியரும் அவரும் அந்த வகுப்பின் எல்லாக் குழந்தைகளுக்கும் சம பொறுப்புள்ளவர்கள். நடைமுறையில் அங்கேயும் குறைகள் உண்டு. ஆனாலும் அந்த ஏற்பாட்டின் நோக்கம் சரியானது.

இந்தியாவிலும் 2020 தேசியக் கல்விக் கொள்கை இரண்டு குழுமங்களின் பாடத்திட்டங்களுக்கும் இடையே நெருக்கம் வேண்டும் என்கிறது. பாட ஆசிரியர்களே சிறப்புக் கல்வியில் கூடுதல் தகுதி பெற வழி வேண்டும் என்றும் சொல்கிறது. குழுமங்கள் கூடிப் பேசி முடிவுக்கு வரக் காலமாகும். அதுவரை கல்லூரிகள் காத்திருக்கத் தேவையில்லை. இன்றைய விதிமுறையிலேயே பி.எட். மாணவர்கள் இருபது வாரம் பள்ளிகளில் இருக்கிறார்கள். அதில் பதினாறு வாரம் இரண்டாம் ஆண்டில் தொடர்ந்து நடக்கும் கற்பித்தல் பயிற்சி. அதில் நான்கு வாரத்தை, சிறப்புத் தேவையுள்ள குழந்தை படிக்கும் பொது வகுப்பில், சிறப்புக் கல்வி பயிலும் மாணவர் ஒருவரோடு இணைந்து பாடக்குறிப்பு எழுதி நடத்தும்படி ஒதுக்கலாம். ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ் போன்ற கல்லூரியும் தாராத்தலா போன்ற நிறுவனமும் அருகருகே இருக்கும் நகரங்கள் தமிழகத்திலும் உண்டு. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் நூற்றாண்டு கண்ட சிறப்புப் பள்ளிகளும் பொது ஆசிரியர் கல்லூரிகளும் ஒரே ஊரில் இருக்கின்றன. இரண்டு முதல்வர்கள் பேசி ஒரு கடிதம் எழுதிக்கொண்டால் அடுத்த கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிவிடலாம். பி.எட். கல்லூரி நடத்துவோரும், அங்கே பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.